சோறு நெஞ்சில் நிற்கிறது

கொழும்பிலிருந்து ஹட்டன் செல்லும் பஸ் வண்டி அவிசாவளையைக் கடந்து கரவனல்லைப் பக்கம் வந்ததும் களனி கங்கை நம்மோடு சேர்ந்து வரத் தொடங்கும். சாலையின் ஒருபுறம் ஆறு, மறுபுறம் ரப்பர் மரங்கள். அந்த மரங்களின் நிழல் சாலையில் விழும் இடத்துக்கு வந்தால், எத்தனை வயதானாலும் எனக்கு ஊர் வந்துவிட்டது என்று தோன்றும். யட்டியாந்தோட்டை என் ஊர். ஒரு காலத்தில் களனிவெளி ரயில் பாதை இவ்வூர் வரை வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டார்கள். நான் பிறந்தபோது ரயில் இல்லை, ரயிலைப் பற்றிய பேச்சு மட்டுமே இருந்தது. சந்தியிலிருந்து மேலேறிச் செல்லும் தோட்டமொன்றின் லயனில் பிறந்து, பின்னர் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான்.

இன்று எழுதப் போவது ஊரின் அழகைப் பற்றியதன்று. எங்கள் குடும்பத்தில் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை கேட்டேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. முதல் முறை அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கவில்லை. அதனால் என்ன நேர்ந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

1992 ஆம் ஆண்டு. அரசாங்கத்தின் கையிலிருந்த பெருந்தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட ஆண்டு அது. தொழிலாளர் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதி அனுப்பும்படி ஆசிரியர் பணித்ததால் ஊருக்குப் போயிருந்தேன். தலைவர்களைச் சந்தித்தேன், துரைமாரைச் சந்தித்தேன், கணக்கப்பிள்ளைமாரோடு பேசினேன். மாலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். என் தந்தையாரின் தமக்கை அவர். காலை இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போய், ரப்பர் பால் வெட்டி வாழ்ந்தவர். நான் பாடசாலைக்குப் போகும் நாட்களில் ரொட்டியும் சம்பலும் இலையில் கட்டித் தந்தவர் அவரே.

அன்றும் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். தான் மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"என்னமோ தெரியலய்யா, சோறு நெஞ்சுலயே நிக்குது. தண்ணியக் குடிச்சுத்தான் எறக்க வேண்டியிருக்கு" என்றார்.

"டொக்டர்கிட்ட காட்டுங்க அத்தை" என்று சொன்னேன். "காட்டினேன், பால் மருந்து குடுத்தாங்க" என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, கம்பனிகள் வந்தால் பேர் கூடுமா குறையுமா என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தக் கட்டுரை மூன்று பத்திகளில் வெளியானது. பாராட்டும் கிடைத்தது.

அதன் பின்னர் நடந்தவற்றை மச்சான் சொல்லித்தான் அறிந்தேன். நெஞ்செரிச்சல் மருந்து மூன்று மாதம் தொடர்ந்தது. பிறகு, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தொக்கம் எடுப்பவர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி தேநீராயிற்று. பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது ஏழு மாதம் கடந்திருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய், சத்திரசிகிச்சைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். உணவு செல்ல ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அடுத்த தைப்பொங்கலுக்கு அத்தை இல்லை.

யாரைக் குறை சொல்வது? மருந்து கொடுத்தவர் தனக்குத் தெரிந்த நோய்க்கு மருந்து கொடுத்தார். பிள்ளைகள் தமக்குத் தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போனார்கள். வீட்டுக்கு வந்தவர்களுள் படித்தவன், கொழும்பில் நாலு வைத்தியர்களைத் தெரிந்தவன் நான் ஒருவனே. கேட்பதையே தொழிலாகக் கொண்ட நான் அதைக் கேட்டும் கேட்காதவனாக எழுந்து வந்தேன்.

அந்த வாக்கியத்தின் மருத்துவப் பொருளை வாசக அன்பர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். உணவுக்குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் தசைக்குழாய். அதனுள் ஒரு கட்டி வளரத் தொடங்கினாலும், சிறிதாக இருக்கும் வரை எந்தத் தடையும் தெரியாது. முதலில் காய்ந்த ரொட்டி, இறைச்சித் துண்டு போன்றவை தடைப்படும். பின்னர் சோறு. பின்னர் கஞ்சி. கடைசியில் தண்ணீர். மனிதர்கள் இதற்குத் தம்மை அறியாமலே பழகிக்கொள்கிறார்கள். சிறு கவளமாக உண்கிறார்கள், ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறார்கள், ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொள்கிறார்கள். பல் போய்விட்டது, வயதாகிவிட்டது என்று வீட்டாரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆகவே "நெஞ்சில் நிற்கிறது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போது நோய் ஏற்கெனவே சிறிது தூரம் வந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். அதற்குப் பின்னர் மாதக்கணக்கில் காத்திருக்க இடமில்லை. பிரித்தானியாவில் வைத்தியர்களுக்கு வழங்கப்பட்டுள்ள வழிகாட்டல், விழுங்குவதில் சிரமம் என்று வருபவருக்கு வயது எதுவாயினும் இரண்டு வாரங்களுக்குள் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கூறுகிறது. அத்தைக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இந்நோய் நம் தோட்டங்களுக்கு அந்நியமானதன்று. இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆண், பெண் இருபாலாரிடமும் முன்னணியில் உள்ள புற்றுநோய்களுள் ஒன்று. இரண்டுக்கும் பொதுவான காரணமொன்று எங்கள் வீடுகளில் பித்தளைத் தட்டில் வைத்து விருந்தினருக்கு நீட்டப்படுகிறது. லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பாக்கைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. புகையிலை சேர்த்த வெற்றிலைக் கூறு வாய், தொண்டை, உணவுக்குழாய் மூன்றிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்றும் கூறியது. புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அதுவும் தவறு. 2012 இல் வந்த மறு மதிப்பீடு, புகையிலை இல்லாத கூறும் வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றுநோயை விளைவிக்கிறது என்று முடிவு செய்தது. புகைத்தலும் மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகிறது. 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் உணவுக்குழாய்க்குத் தீங்காகக்கூடும் என்று அதே நிறுவனம் 2016 இல் எச்சரித்தது. தேநீரைக் குற்றம் சொல்லவில்லை, சூட்டைத்தான் சொல்கிறார்கள். ஊதி ஆற்றிக் குடிப்பதில் ஒரு செலவும் இல்லை.

வெற்றிலையை ஒரேயடியாகப் பழித்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதிகாலைக் குளிரில், வெறும் வயிற்றில் மலையேறுபவருக்கு அது பசியை மறக்கச் செய்யும் துணை. அட்டைக்கடிக்குத் துப்பும் மருந்தும் அதுதான். கொழும்பில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, "இந்த மக்களுக்கு அறிவில்லை" என்று எழுதுவது இலகு. அப்படி எழுதியவர்களின் கட்டுரைகளை நானே திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இனி, எங்கள் சப்ரகமுவ மாகாணத்தைப் பற்றிய ஒரு செய்தி. 2006 நவம்பர் முதல் ஓராண்டு காலம் பல் வைத்திய ஆய்வாளர்கள் இம்மாகாணத்தில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று பகுதிகளிலும் முப்பது வயதுக்கு மேற்பட்ட 1,029 பேரின் வாய்களைப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வெண்படலம், செம்படலம், வாய் இறுக்கம் போன்ற மாற்றங்கள் மக்களில் 11.3 வீதமானோரிடம் இருப்பதாக அவர்களின் கணக்கு கூறியது. ஒன்பது பேருக்கு ஒருவர்! அந்த மாற்றங்கள் எல்லாம் புற்றுநோய் ஆகிவிடுவதில்லை. ஆனால் ஆகக்கூடியவை எவை என்பதை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு டோர்ச் வெளிச்சமும் பயிற்சி பெற்ற இரு கண்களும் போதும்.

வாயில் ஊறும் அதே சாறுதான் உணவுக்குழாய் வழியாகவும் இறங்குகிறது. ஆகவே வாயில் வெண்படலம் கண்ட ஒருவர், விழுங்குவதில் சிறு தடங்கல் ஏற்பட்டாலும் அலட்சியம் செய்யக்கூடாதவர். உணவுக்குழாயை லயனில் வைத்துப் பார்க்க முடியாது. வாயைப் பார்க்கலாம், பார்க்கும்போதே "சோறு ஒழுங்காக இறங்குகிறதா?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். நாட்டில் 2011 முதல் அமைக்கப்பட்டு வரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றோடு வாயையும் பரிசோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மலை உச்சியில் உள்ள டிவிஷனிலிருந்து அங்கு இறங்கி வர ஒருவருக்கு ஒரு நாள் வேண்டும்.

அந்த ஒரு நாள்தான் பிரச்சினையின் முடிச்சு. 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் இலங்கையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதியது. வைத்தியர்கள் அல்லாத ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, ஓராண்டில் ஏறத்தாழ 28,000 பேரின் வாய்களைப் பார்க்கச் செய்தார்கள். ஊழியர்கள் அதைச் செவ்வனே செய்தார்கள். சந்தேகத்துக்குரிய மாற்றம் உள்ளவர்கள் என்று 1,200 பேருக்கு மேல் கண்டறிந்து, மேற்பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களுள் சென்றவர்கள் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே. நோயைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரும், ஏறத்தாழப் பாதிப்பேர் வழியிலேயே தொலைந்து போனார்கள்!

ஏன் போகவில்லை என்பது தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேர் இல்லை. காலையில் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுப் போனாலும் அரைப்பேர்தான். முதல் நாள் போனால் துண்டு தருவார்கள், இரண்டாம் நாள் திகதி தருவார்கள், மூன்றாம் நாள்தான் பரிசோதனை. மூன்று நாட்பேர் போய்விட்டது, துணைக்கு வந்தவரின் மூன்று நாட்பேரும் போய்விட்டது. பஸ் கட்டணம் தனி. எல்லாவற்றுக்கும் மேலாக மொழி. தமிழ் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987 இல் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் "நெஞ்சில் நிற்கிறது" என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாத மூதாட்டி, நெஞ்சில் கையை வைத்துக் காட்டுவார். நெஞ்செரிச்சல் என்றோ, நெஞ்சு வலி என்றோ எழுதப்படும். இருதய நோய்ப் பரிசோதனை செய்து, இருதயம் நன்றாக இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எவரும் தவறு செய்யவில்லை. இருந்தும் இரண்டு மாதம் போய்விட்டது.

இனி இரண்டாம் முறை. கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்திருந்தாள். வேறெதையோ பேசிவிட்டு, வைக்கும் நேரத்தில் சொன்னாள்.

"மாமா, அப்பா இப்பல்லாம் தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் சோறு சாப்பிடுறாரு. கேட்டா நெஞ்சுல நிக்குதுங்குறாரு."

தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே சிறிது நேரம் பேசாதிருந்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மூன்று மாதம் இருக்கும் என்றாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மச்சானுக்கு அறுபத்து நான்கு வயது. ஓய்வு பெற்ற பின்னரும் தனியார் தோட்டமொன்றில் நாட்சம்பளத்துக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தார். சட்டை தோளிலிருந்து நழுவுமளவுக்கு மெலிந்திருந்தார். "இதுக்குப் போயி கொழும்புல இருந்து வந்தீங்களா மச்சான்? பித்தமா இருக்கும். அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார்.

"அத்தையும் இதத்தான் சொன்னாங்க" என்றேன். அவர் பேசவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அரச வைத்தியசாலைக்கே போனோம். அவருக்குச் சிங்களம் ஓரளவு வரும், எனக்கு நன்றாக வரும். எத்தனை நாளாக, எந்த உணவு தடைப்படுகிறது, எவ்வளவு எடை குறைந்தது, எத்தனை ஆண்டுகளாக வெற்றிலை என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். இளம் பெண் வைத்தியர் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வேறு மருந்து எதுவும் எழுதவில்லை. எண்டோஸ்கோப்பிக்கு அவசரம் என்று குறித்துக் கொடுத்தார்.

அந்தப் பரிசோதனையைக் கண்டு மச்சான் அஞ்சினார். குழாயை விழுங்கச் சொல்கிறார்களாமே, உயிர் போய்விடுமாமே என்றார். வளையும் தன்மையுள்ள முதலாவது எண்டோஸ்கோப்பை 1957 இல் அமெரிக்காவில் உருவாக்கிய பேசில் ஹேர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியர், அதை நோயாளிக்குச் செலுத்துமுன் தன் தொண்டைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தார் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். அக்காலத்துக் குழாய் தடித்தது, இப்போது மெல்லியது, பத்து நிமிட வேலை என்றேன். "அவரு டொக்டரு, விழுங்குவாரு" என்றார் மச்சான். ஆனாலும் விழுங்கினார்.

உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. சதைத்துண்டு எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய்தான். ஸ்கேன் செய்தார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. தொலைபேசி அழைப்பு வந்த நாளிலிருந்து நோயின் பெயர் உறுதியாகும் வரை இருபத்தாறு நாட்கள்.

பரவவில்லை என்ற சொல்லின் விலை என்ன என்பதை அதன் பின்னரே கற்றுக்கொண்டேன். 2012 இல் நெதர்லாந்து வைத்தியர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இச்சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் பாதிப்பேர் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்து, பின்னர் சத்திரசிகிச்சை செய்தவர்களுள் பாதிப்பேர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஆனால் அந்த வாய்ப்பு, நோய் பரவுமுன் வந்து சேர்பவருக்கு மட்டுமே. 1992 இலும் அத்தை நேரத்துக்கு வந்திருந்தால், அன்றிருந்த சிகிச்சையாவது கிடைத்திருக்கும். அதைக்கூட அவருக்கு நாங்கள் பெற்றுத் தரவில்லை.

மச்சானுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முடிந்து, சத்திரசிகிச்சையும் முடிந்துவிட்டது. இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம் என்பதை வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள் அறிந்திருக்கக்கூடும். அந்த நல்ல ஏற்பாடு இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் என்ன செய்திருக்கும் என்று தெரியாது. இப்போது சிறிது சிறிதாக, நாளுக்கு ஆறு தடவை உண்கிறார். குழைந்த சோறு இறங்குகிறது. முழுமையாகக் குணமாகிவிட்டது என்று வைத்தியர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். முதல் இரண்டு ஆண்டுகள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அத்தைக்குக் கிடைக்காத காலம் அவர் மகனுக்குக் கிடைத்திருக்கிறது.

உணவுக்குழாயைப் பற்றியே எழுதிவிட்டேன். செரிமானப் பாதையின் மறுமுனையிலும் இதே கதைதான் நடக்கிறது. பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய் உலகில் ஆண்டுதோறும் 19 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வருகிறது. இலங்கையிலும் அது கூடி வருகிறது. மலத்தில் இரத்தம் கண்டால் மூலவியாதி என்று நாமே தீர்மானித்து, சூட்டைத் தணிக்க நாட்டு மருந்து தேடுகிறோம். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் நாற்பதைக் கடந்தவருக்கு அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. தோட்டப் பெண்களுக்கு இரத்தச்சோகை என்றால் யாரும் வியப்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, வயது வந்த ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை வந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது மருத்துவத்தின் பால பாடம். மாத்திரையைக் கையில் வாங்கும்போது அந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பொலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் வரை எடுக்கும். இடையில் எப்போது கண்டாலும் கமெராக் குழாயினூடாகவே அகற்றிவிடலாம். குடலுக்குள் மட்டும் அடங்கியிருக்கும் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். தொலைதூரம் பரவிவிட்டால் ஏழு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு அது குறைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 2006 முதல் குறிப்பிட்ட வயதினருக்கு மலப் பரிசோதனைப் பொதியைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் வாழும் நம்மவர்கள் சிலர், அத்தகைய பொதி வந்தால் அருவருப்போடு மூலையில் போட்டுவிடுவதாக அறிந்தேன். தயவுசெய்து அதைத் திறந்து செய்யுங்கள். உங்கள் ஊரில் நோய்ப் பரிசோதனை உங்கள் வாசலுக்கே வருகிறது. எங்கள் ஊரில் மலையிறங்கிப் போக வேண்டியிருக்கிறது.

வாசலுக்குப் போவது என்றதும் எங்கள் ஊரின் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. 1934 இன் இறுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தையும் உணவையும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனார்கள். அவர்களுள் ஒருவரான என்.எம். பெரேராவுக்குப் பருப்பு மாத்தயா என்று மக்கள் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அவர் ருவன்வெல்ல உறுப்பினராக அரசாங்க சபைக்குப் போனதும், பின்னாளில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்ததும் வரலாறு. என் தந்தையார் அரசியலில் அவரோடு உடன்பட்டவரல்லர். ஆனாலும், "நோய் வந்தப்போ நடந்து வந்தவரு" என்று மரியாதையோடுதான் பேசுவார்.

புதிய கட்டடங்களும் இயந்திரங்களும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு அன்பர்கள் நன்கொடை என்றதும் இயந்திரத்தையே நினைக்கிறார்கள், அதுவும் தேவைதான். ஆனால் மச்சானைக் காப்பாற்றிய முதற் பொருள், தந்தை சாப்பிடுவதைக் கவனித்த ஒரு மகள். இரண்டாவது, நான்கு விடயங்கள் எழுதிய ஒரு தாள். மூன்றாவது, கூடப் போன ஓர் ஆள். வைத்தியசாலையில் எண்டோஸ்கோப் முன்பே இருந்தது. அதுவரை அவரைக் கொண்டு சேர்ப்பதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட ஒருவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒரு வாரத்தில் விசாரிக்க ஓர் ஆள் இருந்தால், அன்றைய நாட்பேரை இழக்காமல் பரிசோதனைக்குப் போக நிருவாகமும் தொழிற்சங்கங்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தால், நோயாளியின் முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு எழுத வைத்தியசாலை வாசலில் ஒருவர் அமர்ந்தால், பாதி வழியில் தொலைந்து போகிறவர்கள் குறைவார்கள். சம்பளப் பேச்சுவார்த்தைகளைப் பற்றி எத்தனையோ தலையங்கங்கள் எழுதியிருக்கிறேன். இதைக் கேட்டு ஒரு தலையங்கம்கூட எழுதவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மாதம் தோட்டத்துக் கோயிலில் மச்சானின் பெயரில் பூசை செய்தார்கள். பூசை முடிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் என்னை ஏதாவது பேசும்படி கேட்டார். மேடைப் பேச்சாக எதையும் பேசாமல், அத்தைக்கு நடந்ததையும் மச்சானுக்கு நடந்ததையும் அப்படியே சொன்னேன். அத்தையை அறிந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டு கலைந்த பின்னர், ஒரு மூதாட்டி மட்டும் தூணருகே நின்றுகொண்டிருந்தார். நான் செருப்பை மாட்டும் வரை காத்திருந்துவிட்டு அருகில் வந்தார்.

"எனக்கும் கொஞ்ச நாளா ரொட்டி எறங்க மாட்டேங்குதுய்யா. வயசாயிருச்சுன்னு இருந்தேன்" என்றார்.

டொக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். எத்தனை நாளாக என்று கேட்டு எழுதினேன். வைத்தியசாலைக்குப் போகும் நாளைத் தீர்மானித்தோம், வருகிற செவ்வாய்க்கிழமை. கூட யார் போவது என்று கேட்டேன். மருமகளுக்கு அன்று வேலை என்றார். அந்த நாட்பேரை நான் கொடுக்கிறேன், மருமகளே வரட்டும் என்று சொல்லி, மருமகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். அவர்கள் போயிருந்தார்கள்.